முப்பது அடி டபுளை முதலில் மூடுங்கள்

கேள்வி: சூளகிரி பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. என் மகனும் அவன் நண்பர்களும் அதில் டர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டும் பைக்) பழகத் தடம் போட்டிருக்கிறார்கள். ஜே.சி.பி. வைத்து இரண்டு மண்மேடு எழுப்பி, நடுவில் 30 அடி பள்ளம் விட்டு டபுள் ஜம்ப் ஒன்றும் செய்தார்கள். போன மாதம் ஒரு பையன் எதிர்மேட்டில் மோதிக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். ஓரங்களில் பழைய லாரி டயர் அடுக்குவதா, எல்லோருக்கும் நெக் பிரேஸ் (கழுத்துக் காப்பு) வாங்குவதா? கையில் பணம் குறைவு. பொங்கலுக்கு ஒரு போட்டி வைக்க வேண்டும் என்றும் பையன்கள் நச்சரிக்கிறார்கள்.

பதில்: டயர் வேண்டாம். நெக் பிரேஸும் இப்போதைக்கு வேண்டாம். அதே ஜே.சி.பி.யை இன்னும் ஒரு நாள் கூப்பிடுங்கள், அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடுங்கள். உங்கள் பணத்தில் முதல் செலவு இதுதான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறுசரிவு 3 அடி நீளத்துக்கு 1 அடி உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. விளிம்பை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் விட்டால் வண்டி 14 அடி பறக்கும். 40-ல் விட்டால் 25 அடி, 50-ல் 39 அடி, 60-ல் 56 அடி. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. உங்கள் 30 அடிப் பள்ளத்தைத் தாண்டச் சரியாக 44 வேண்டும். 40-ல் வந்தவன் ஐந்து அடி முன்னாலேயே இறங்கி எதிர்மேட்டின் முகத்தில் மோதுவான். அந்தப் பையன் 40-ல் வந்திருந்தால், அவன் செய்த தப்பு மணிக்கு நாலு கிலோமீட்டர்தான். கியர் ஒன்று சரியாக விழாவிட்டால் போதும், முன்னால் போனவன் கிளப்பிய புழுதியில் ஒரு நொடி ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும். நாலு கிலோமீட்டர் தப்புக்கு எலும்பை வாங்கும் தடத்தில், யார் ஓட்டினாலும் என்றைக்காவது ஒருநாள் அடி விழும்.

பள்ளத்தை மூடினால் அதுவே டேபிள்டாப், அதாவது மேசை போல மேல்பக்கம் தட்டையான மேடு, ஆகிவிடுகிறது. உங்கள் பையன்களுக்கு நான் சொல்லும் அளவு இது: உயரம் 4 அடி, ஏறுசரிவு 12 அடி, மேல்தளம் 25 அடி, இறங்குசரிவு 20 அடி. 30-ல் வருகிறவன் மேல்தளத்திலேயே இறங்குவான், ஒன்றும் ஆகாது. 40-ல் வருகிறவன் மேல்தளம் முடியும் இடத்தில் இறங்குவான். 45-ல் வந்தால் இறங்குசரிவின் நடுவைக் கொஞ்சம் தாண்டி. பாதுகாப்பான ஜம்ப் என்பது கடைசி நேரத்தில் மனசு மாறினாலும் உருட்டிக்கொண்டே கடந்துவிட முடிகிற ஜம்ப்.

குறைவாகப் போகிறவனை இது காப்பாற்றும். அதிகமாகப் பறக்கிறவனை? அவனுக்குத்தான் லேண்டிங், அதாவது வண்டி வந்து இறங்கும் சரிவு, நீளமாக இருக்க வேண்டும். பலர் ஏறுசரிவை அழகாகச் செய்துவிட்டு லேண்டிங்கை அவசரமாக முடித்துவிடுவார்கள். 50-ல் வருகிறவன் மேலே சொன்ன அளவையும் தாண்டிச் சமதரையில் விழுவான். விளிம்புக்கு மேல் 3 அடிக்குச் சற்று அதிகமாக எழும்பி, அங்கிருந்து தரைக்கு வருகிறான். ஏழடிக்கு மேலிருந்து வண்டியோடு குதித்ததற்குச் சமம். சரிவில் இறங்கினால் வண்டி போகும் திசையும் தரையின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அதிர்ச்சி பெருமளவு குறைந்துவிடும். போட்டிக்கென்றே செய்த மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டியின் சஸ்பென்ஷன் ஒரு அடி வரை அமுங்கும். நம் பையன்கள் ஓட்டும் எக்ஸ்பல்ஸ் மாதிரி சாலை வண்டிக்கு அவ்வளவு கிடையாது, எடையும் அதைவிட அதிகம்.

அதனால் 50-ல் வரவே முடியாதபடி செய்யுங்கள். ஜம்புக்கு முன்னால் ஒரு இறுக்கமான வளைவு வையுங்கள். வளைவு முடிந்து விளிம்பு வரை 60 அடிக்கு மேல் நேர் ஓட்டம் கொடுக்காதீர்கள். வேகத்தைக் குறை என்று அறிவிப்புப் பலகை வைத்தால் பதினெட்டு வயதுக்காரன் கேட்கமாட்டான், வளைவு சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். மோட்டோகிராஸ் தடங்களுக்கே சராசரி வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. உலகத்தரம் என்றால் பறக்கிற வேகம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஏறுசரிவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கிண்ணம் மாதிரி விளிம்பு வரைக்கும் வளைந்துகொண்டே போகக்கூடாது. கடைசிப் பத்தடியாவது பலகை போல நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் விளிம்பை விடும்போது சஸ்பென்ஷன் எகிறி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும், ஓட்டுபவர் தலைகுப்புறப் போவார். நாலைந்து வண்டி ஏறி இறங்கினாலே விளிம்பில் குழி விழும், அந்தக் குழியும் இதே வேலையைத்தான் செய்யும். மண்வெட்டியோடு ஒருவர் அரை மணிக்கொரு முறை சரிசெய்தால் போதும்.

அடுத்தது, தடத்தை விட்டு வெளியே போகிறவன் எதில் மோதுவான் என்பது. நம் மாவட்டத்தில் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்: கல்தூண். வேலிக்குக் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி இழுப்பது இங்கே வழக்கம். இருபது வருடம் முன்னால் ஒரு போட்டியில் என் வண்டி வளைவில் நிற்காமல் நேரே போய் அப்படி ஒரு தூணில் முட்டியது. இடது முழங்கால் இன்னும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. வளைவுகளின் வெளிப்பக்கம் முப்பது அடியாவது வெறும் மண்ணாக இருக்கட்டும். முடியாவிட்டால் வேலியை நகர்த்தாதீர்கள், தடத்தை நகர்த்துங்கள், அது மலிவு. மோட்டார் கம்பத்தின் ஸ்டே கம்பி, பாதி புதைந்த உருண்டைக் கல், மாமரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நிலத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் அதற்கு வேலி போட்ட பிறகுதான் வண்டி ஓட வேண்டும், இதில் பேச்சே இல்லை.

டயரை ஏன் வேண்டாம் என்றேன்? மோதிய ஆளையும் வண்டியையும் டயர் அடுக்கு மறுபடி தடத்துக்குள்ளேயே எறியும், பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான். உள்ளே மண் நிரம்பிய டயர் பாறைக்குச் சமம். தவிர்க்கவே முடியாத மரத்துக்கும் கம்பத்துக்கும் முன்னால் வைக்கோல் கட்டு அடுக்குங்கள். மழையில் ஊறிய கட்டு இறுகிப்போகும், மாற்றிவிட வேண்டும்.

நான்கு ஏக்கரில் 600, 700 மீட்டர் தடம் தாராளமாகப் போடலாம், அகலம் 20 அடி. ஆசைப்பட்டு மடித்து மடித்து நீட்டினால் எதிரெதிராக ஓடும் பாதைகள் ஒட்டிவிடும். இடையில் பதினைந்து அடி விடுங்கள். எந்த ஜம்பின் லேண்டிங்கும் பக்கத்துப் பாதையைப் பார்த்து இருக்கக்கூடாது.

மண் விஷயத்தில் நீங்கள் விவசாயி, எனக்குச் சொல்லித்தருவீர்கள். ஒன்று மட்டும். ஓட்டுவதற்குச் சற்று முன்னால் டேங்கரில் தண்ணீர் அடித்தால் மேலே வழுக்கும், அடியில் காய்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் புழுதி மறுபடி எழும். முந்தின நாள் சாயங்காலமே நன்றாக நனைத்துவிட்டு, காலையில் ஐந்து கொத்துக் கலப்பையால் லேசாகக் கீறிவிடுங்கள். கிராவல் கொட்டவே வேண்டாம். பின்சக்கரம் எறியும் கல் பின்னால் வருகிறவன் முகத்துக்குத்தான் போகும்.

ஜம்புக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடப்பவனை ஏறி வருகிறவனால் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு ஜம்பிலும் மஞ்சள் கொடியோடு ஒரு ஆள் வேண்டும். அவர் லேண்டிங்கைப் பார்க்க வேண்டும், வருகிறவன் அவரைப் பார்க்க வேண்டும். கொடி அசைந்தால் வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போக வேண்டும், முந்தக்கூடாது, பறக்கக்கூடாது. கொடிக்கு ஆள் இல்லாத நாளில் ஜம்ப் பக்கம் போக வேண்டாம், வளைவுகளை மட்டும் பழகட்டும். எல்லோரும் ஜம்பைத்தான் படம் எடுக்கிறார்கள், பந்தயம் ஜெயிப்பது வளைவில்.

இப்போது நெக் பிரேஸ். தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியட், சக ஓட்டுநர் ஒருவரின் மரணத்துக்குப் பிறகு உருவாக்கியது. நல்ல பொருள்தான். ஆனால் தலைக்குச் சரியாகப் பொருந்தும் தாடை மூடிய ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கணுக்காலைப் பிடிக்கும் உயரமான பூட்ஸ், இவை எல்லோரிடமும் இருந்த பிறகு வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப்போடுங்கள். விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் டிராக்டர் நிற்கக்கூடாது, கேட் பூட்டியிருக்கக்கூடாது.

பொங்கல் போட்டிக்கு என் பதில், இந்த வருடம் வேண்டாம். எஃப்.ஐ.எம். அளவுப்படி தொடக்கக் கேட்டிலிருந்து முதல் வளைவுக்கு 80 முதல் 125 மீட்டர் நேர் பாதை, கேட்டில் ஆளுக்கு ஒரு மீட்டர் அகலம் வேண்டும். பத்து பேர் நின்றால் அதுவே உங்கள் நிலத்தில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும். ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்க வேண்டும், அது ஒருவரை ஏற்றிப் போனால் திரும்பி வரும்வரை பந்தயமும் நிற்க வேண்டும். போலீஸ், வருவாய்த்துறை அனுமதியும், இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்தும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் வழிமுறையும் தனி வேலை. எல்லாவற்றுக்கும் மேல் கூட்டம். நம் ஊர் எருது விடும் விழாவில் ஓடுபாதையின் இரண்டு பக்கமும் ஜனம் எப்படி நெருக்கி நிற்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே ஜனம்தான் இங்கேயும் வரும், நல்ல படம் கிடைக்கும் என்று லேண்டிங் ஓரத்தில்தான் நிற்கும். கயிறு கட்டினால் கயிற்றின் மேலேயே சாய்ந்து நிற்பார்கள்.

டேபிள்டாப் தயாரானதும் லேண்டிங் முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவி, நிதானமான ஒரு பையனை விட்டுப் பத்து முறை தாண்டச் சொல்லுங்கள். சக்கரத் தடம் எங்கே விழுகிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பத்தில் ஒன்றாவது சரிவின் கடைசி ஐந்து அடிக்குள் விழுந்தால், முன்னால் இருக்கும் வளைவை இன்னும் பதினைந்து அடி கிட்டே கொண்டுவாருங்கள். காறை எலும்பு முறிந்த பையன் மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஏற வேண்டாம். அதுவரை கொடி அவன் கையில் இருக்கட்டும்.