‘மெட்டாலிக்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரு கதையை மொழிபெயர்க்கிறேன். அதில் குரல், சுவை, பளபளப்பு மூன்றுக்கும் ‘மெட்டாலிக்’ என்ற சொல் வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘உலோகத்தன்மை’ பொருந்துமா?

பொருந்தாது என்றே கருதுகிறேன். ‘உலோகத்தன்மை’ வேதியியலில்தான் முழுப் பொருளோடு நிற்கிறது. ஒரு தனிமம் எலக்ட்ரானை எவ்வளவு எளிதில் இழக்கிறதோ அவ்வளவுக்கு அதன் உலோகத்தன்மை மிகுதி; தனிம வரிசை அட்டவணையில் ஒரு தொகுதியில் கீழே செல்லச் செல்ல அது கூடும், ஒரு தொடரில் வலப்புறம் செல்லச் செல்லக் குறையும். செய்பொருளைக் குறிக்கையில் இச்சொல்லே தேவையில்லை. பித்தளைக் குடம், செப்புப் பட்டயம் என்று அந்தந்த உலோகத்தின் பெயரையே முன்னால் வைப்பது நம் வழக்கு.

குரல்தான் கவனமாகக் கையாள வேண்டிய இடம். நான் கும்பகோணத்துக்காரன். அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்கப் போகும்போதும், ஊரில் பாத்திரக்கடைக்குப் போகும்போதும், பொருளை விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் என் தாயார் விலை பேசத் தொடங்குவார். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் ‘கணீர்’ என்று ஒலித்து நெடுநேரம் அதிரும்; விரிசல் இருந்தால் ஒலி உடனே செத்துவிடும். அந்தக் கணீரென்ற ஒலியிலிருந்து வந்த ‘வெண்கலக் குரல்’ நமக்குப் பெரும் பாராட்டு. ஆங்கிலத்திலோ, குரலை ‘மெட்டாலிக்’ என்றால் பெரும்பாலும் ஈரமில்லாத, காதை உறுத்தும் குரலே பொருள். அதை ‘வெண்கலக் குரல்’ என்று பெயர்த்தால் கதாபாத்திரமே தலைகீழாகிவிடும். ‘தகரத்தைத் தட்டினாற்போன்ற குரல்’ என்பதே அங்கே பொருந்தும். எந்த உலோகம் என்று சொல்லும்போதே புகழா இகழா என்பதும் தமிழில் தெளிவாகிவிடுகிறது. ‘உலோகக் குரல்’ என்பதில் அது தெரிவதில்லை.

சுவைக்கு ‘களிம்பு’ இருக்கிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருந்தால் களிம்பு ஏறிவிடும் என்பதும், ரசத்துக்கு ஈயச்சொம்பைத் தனியே வைத்திருப்பதும் எங்கள் பக்கத்து வீடுகளில் நாளும் பழகிய செய்திகள். சில மாத்திரைகளை விழுங்கியபின் நாக்கில் தங்கும் சுவையையும் ‘களிம்பேறினாற்போல’ என்று எழுதினால் வாசகர் உடனே உணர்வார்.

பளபளப்பைப் பொறுத்தவரை, பொருளைப் பார்த்து மினுக்கம், தகதகப்பு என்று எழுதினால் போதும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ‘உலோகம்’ என்பது வடமொழி ‘லோஹ’ என்பதிலிருந்து வந்தது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உகரம் முன்னே சேர்ந்தது. உலோகம் என்ற பொதுப்பொருளில் ‘பொன்’ என்ற சொல்லும் தமிழில் வழங்கியிருக்கிறது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலை மெழுகு உருவின்மேல் பூசி வார்க்கும் ஐம்பொன் சிலையின் பெயரில் அந்தப் பொருள் இன்னும் புழங்குகிறது. உங்கள் கதை பழங்காலத்தைப் பற்றியதானால் இந்தச் சொற்களையும் தயங்காமல் எடுத்தாளலாம்.