சோவாந்தஸ் நடுவே ஐப்டேசியா: பிளேடை எடுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. கோலாலம்பூர் செராஸ் வீட்டு 150 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டியில், சோவாந்தஸ் (பவளத்தின் உறவான, கொத்தாக வளரும் உயிரி) நடுவே நான்கு ஐப்டேசியா (களைபோல் பெருகும் சிறு கடல் அனிமோனி) இருந்தது, பிளேடால் சுரண்டியபின் பத்தைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெருகக் காரணம் அந்தச் சுரண்டல்தான். பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தில் சிறு துணுக்கு மிஞ்சினாலும் அது தனி அனிமோனியாக வளர்ந்துவிடும்.

வெறும் பாறையில் நிற்பவற்றுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு கலப்பு இருக்கலாம். அலங்கார மீன் கடையில் கால்க்வாசர் தூள் என்று கேளுங்கள். ஆர்ஓ தண்ணீர் சில சொட்டு விட்டுப் பற்பசைப் பதத்துக்குக் குழையுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பம்ப்புகளை நிறுத்தி, 1 மில்லி சிரிஞ்சை மெல்ல நகர்த்தி, ஐப்டேசியாவின் வாய் மூடும்படி குழைவை வையுங்கள். இடித்துவிட்டால் துளைக்குள் சுருங்கிவிடும், அப்புறம் மருந்து சேராது. 15 நிமிடத்தில் வெள்ளைக் கசடை உறிஞ்சி எடுத்துவிட்டு பம்ப்பைப் போடுங்கள். கோலாலம்பூர் வெக்கையில் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் பம்ப்பை அதிக நேரம் நிறுத்தி வைக்காதீர்கள். நீரின் பிஎச் (காரத்தன்மை அளவு) ஏறும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று ஐப்டேசியாவுக்கு வைத்தால் போதும்.

சோவாந்தஸை ஒட்டி நிற்பவற்றில் இதைப் பூசினால் பக்கத்து சோவாந்தஸ் பாலிப்பும் (கொத்தில் உள்ள தனி உயிரி) வெந்துவிடும். அங்கே ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் இரண்டு மூன்று விடுங்கள். பார்த்து வாங்குங்கள்: முதுகு கூனி, சிவப்போடு வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது ஒட்டக இறால், உங்கள் சோவாந்தஸையே தின்னும்.

ஐப்டேசியாவைக் கொல்லப் பாறையைக் கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். சோவாந்தஸில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.