செல்டன்ஹாம் போகிறீர்களா? டிப்ஸுக்குக் காசு கொடுக்கும் முன் கார்டைப் படியுங்கள்

கோவென்ட்ரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மார்ச்சில் ஆபீஸ் நண்பர்களோடு செல்டன்ஹாம் குதிரை ரேஸுக்குப் போகிறேன் அண்ணா, கோல்ட் கப் என்ற பெரிய ரேஸ் நடக்கும் வெள்ளிக்கிழமை. அப்பா கிண்டி ரேஸ் கதை சொல்லிக் கேட்டதோடு சரி, எனக்கு ஒன்றும் தெரியாது. ஏழு ரேஸுக்கும் நிச்சய டிப்ஸ் தருகிறோம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு 30 பவுண்டு கேட்கிறது. சேரலாமா? இல்லையென்றால் கார்டை, அதாவது ஓடும் குதிரைகளின் பட்டியலை, பார்த்து நானே எப்படித் தேர்ந்தெடுப்பது? கையில் 50 பவுண்டு, அதற்கு மேல் ஒரு பென்னி போட மாட்டேன்."

சேர வேண்டாம். 50 பவுண்டு வைத்திருக்கிறவர் முதல் குதிரை ஓடுவதற்கு முன்பே 30 பவுண்டைத் தோற்பானேன்? இந்தக் குழுக்களில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஏழு குதிரை ஓடுகிற ரேஸுக்கு ஏழு குழுவுக்கு ஏழு பெயரை அனுப்புவார்கள், எந்தக் குழுவுக்குப் போன பெயர் ஜெயித்ததோ அந்த ஸ்கிரீன்ஷாட் மறுநாள் விளம்பரமாகிவிடும், மற்ற ஆறு குழுவும் சத்தமில்லாமல் கலைந்துவிடும். எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தடை தாண்டும் ரேஸில் "நிச்சயம்" என்ற வார்த்தையைப் போடுகிறவரிடம் நான் டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டேன்.

ஏன் என்பதற்கு 2025 சாம்பியன் ஹர்டிலைச் சொன்னால் போதும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் நடுவழியில் விழுந்தது. அப்புறம் ஸ்டேட் மேன் முன்னால் போய், ரேஸ் கைக்குள் வந்துவிட்டது என்று அரங்கமே எழுந்து நிற்கும்போது, கடைசி ஹர்டிலில் அதுவும் விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரை 25-க்கு 1 விலையில், அதாவது 1 பவுண்டு போட்டவருக்கு 25 பவுண்டு லாபம் தரும் விலையில், ஜெயித்தது. அப்பா பார்த்த கிண்டி வேறு உலகம், அங்கே சமதளத்தில் பெரும்பாலும் 1000 முதல் 2400 மீட்டர் வரை ஓடுவார்கள், வேகம்தான் பேச்சு. இங்கே கோல்ட் கப் என்பது 3 மைல் இரண்டரை ஃபர்லாங், சுமார் 5300 மீட்டர், 22 ஃபென்ஸ், அதாவது ஹர்டிலை விடப் பெரிய தடைகள். அதனால் கார்டைத் திறந்ததும் "எது ஜெயிக்கும்" என்று தேடாதீர்கள். எது முழுதாகச் சுற்றி வரும், எது மேடேறும்போதும் மூச்சு மிச்சம் வைத்திருக்கும் என்று பாருங்கள், பாதிப் பெயர்கள் தானாக அடிபடும்.

சரி, கார்டுக்கு வருவோம். குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு வரி இருக்கும், அதுதான் ஃபார்ம். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும், வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசியாக ஓடியது. 1 முதல் 9 வரை வந்த இடம், 0 என்றால் ஒன்பதுக்கும் பின்னால். சிறு கோடு இருந்தால் அங்கே ஒரு சீசன் முடிந்தது, சாய்கோடு இருந்தால் ஒரு முழு சீசனே ஓடவில்லை, அநேகமாகக் காயம். எழுத்துகளில் எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார், பி (P) என்றால் இனி முடியாது என்று ஜாக்கியே பாதியில் நிறுத்திவிட்டார், பிடி (BD) அல்லது வெறும் B என்றால் இன்னொரு குதிரை விழுந்து இதையும் சாய்த்த கணக்கு.

இப்போது நானாக எழுதிய இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒரு குதிரைக்கு "3 2 - 1 எஃப் 1", இன்னொன்றுக்கு "1 1 - 2 பி பி". புதிதாக வருகிறவர் முதலாவதில் எஃப்பைப் பார்த்துப் பயந்து, இரண்டாவதில் இரண்டு 1 இருக்கிறதே என்று அதில் போடுவார். நான் நேர் எதிராகச் செய்வேன். முதல் குதிரை ஒருமுறை விழுந்தது, அடுத்த ரேஸிலேயே திரும்பி வந்து ஜெயித்திருக்கிறது, அதாவது விழுந்த பயம் மனதில் தங்கவில்லை. இரண்டாவது போன சீசனில் நன்றாக ஓடியது உண்மைதான், ஆனால் கடைசி இரண்டு ரேஸிலும் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மூச்சுக்குழாயில் கோளாறா, முதுகு வலியா, ஓடவே பிடிக்கவில்லையா, ஏதோ ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் டபிள்யூ குறி இருந்தால் மூச்சுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று அர்த்தம், இங்கிலாந்தில் 2018 முதல் அதை அறிவித்தாக வேண்டும். அந்தக் குறி இருந்தால் இரண்டு பி-யையும் கொஞ்சம் மன்னிக்கலாம்.

எண்ணும் முழுக் கதை சொல்லாது. 2025 கோல்ட் கப்பை ஜெயித்த இனோதவேயுர்திங்கின், அதற்கு முந்தைய மாதம் ஐரிஷ் கோல்ட் கப்பில் நான்காவதாகத்தான் வந்தது, முதலில் வந்தது காலோபின் டே ஷாம். செல்டன்ஹாமில் வரிசை தலைகீழ். எனவே ரேசிங் போஸ்ட் தளத்தில் அந்தக் குதிரையின் பழைய ரேஸுகளைத் திறந்து, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரிக் குறிப்பைப் படியுங்கள். கடைசியில் தளர்ந்து நான்காவது வருவதும், பின்னாலிருந்து வேகமெடுத்து நான்காவது வருவதும் கார்டில் ஒரே 4 தான். மேட்டில் முடிகிற செல்டன்ஹாமுக்கு இரண்டாவது ரகம்தான் வேண்டும்.

அடுத்தது தரை. இங்கே "கோயிங்" என்பார்கள். ஹெவி, சாஃப்ட், குட் டு சாஃப்ட், குட் என்று ஈரத்தைப் பொறுத்துத் தரம் பிரிப்பார்கள். என்னைக் கேட்டால் டிப்ஸ் எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது, அதுவும் முதல் நாள் வந்த டிப்ஸ் ராத்திரி பெய்த மழையைப் பார்த்திருக்காது. சேற்றில் மட்டும் ஜெயித்த குதிரை குட் தரையில் வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் போகலாம், காய்ந்த தரையில் பறப்பது சேற்றில் கால் இழுபட்டு நிற்கலாம். வெள்ளிக்கிழமை காலை கோயிங் என்ன என்று பாருங்கள், உங்கள் குதிரை ஜெயித்த நாள்களில் கோயிங் என்னவாக இருந்தது என்று பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லையா, விட்டுவிடுங்கள்.

மைதானத்தின் குணமும் உண்டு. செல்டன்ஹாம் இடது பக்கம் சுற்றும் மைதானம். தாண்டும்போது வலது பக்கம் சாய்கிற பழக்கம் உள்ள குதிரை ஒவ்வொரு ஃபென்ஸிலும் தூரத்தை இழக்கும். கெம்ப்டன், ஆஸ்கட், சாண்டவுன் எல்லாம் வலது சுற்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் ரேஸில் பிரமாதமாக ஓடியது என்று யாராவது சொன்னால், அது சமதளம், வலது சுற்று, 3 மைல் என்பதை மனதில் கழித்துக்கொள்ளுங்கள். காவ்டோ ஸ்டார் மாதிரி இரண்டு இடத்திலும் ஜெயிப்பது எல்லாக் குதிரைக்கும் வாய்க்காது. அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் இடது சுற்று, அங்கே பிப்ரவரியில் நன்றாக ஓடியவற்றுக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவேன். பெயருக்குப் பக்கத்தில் சி குறி இருந்தால் இதே மைதானத்தில் ஜெயித்தது, சிடி என்றால் இதே மைதானம், இதே தூரம். வெள்ளிக்கிழமை ஓடுவது செல்டன்ஹாமில் உள்ள ஓடுபாதைகளில் ஒன்றான நியூ கோர்ஸில். அங்கே ஹர்டில் ரேஸில் கடைசி முக்கால் மைல் அளவில் இரண்டே தடைதான், மீதியெல்லாம் ஓட்டம், அதனால் தாண்டுவதில் கெட்டிக்காரனை விட மூச்சு உள்ளவனுக்கே லாபம்.

இனி வெள்ளிக்கிழமை ரேஸுகள். டிரையம்ஃப் ஹர்டில் நாலு வயதுக் குதிரைகளுக்கு மட்டும், இரண்டு மூன்று ரேஸ் ஓடிய குழந்தைகள், படிக்க ஃபார்மே அதிகம் இருக்காது. அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி மலின்ஸ் லாயத்துக் குதிரைகள் இரண்டு மூன்று ஓடினால் அவருடைய முதல் ஜாக்கி எதில் ஏறுகிறார் என்று பார்ப்பார்கள் எல்லோரும், விலையும் அதற்கேற்ப இறங்கிவிடும். கவுண்டி ஹர்டில் ஹேண்டிகேப், இருபதுக்கும் மேல் குதிரைகள் நெருக்கியடித்து ஓடும், நல்ல குதிரைக்கு அதிகப் பாரம் ஏற்றிச் சமன் செய்திருப்பார்கள், ஒரு ரேட்டிங் புள்ளிக்கு ஒரு பவுண்டு பாரம் என்பது கணக்கு. இங்கே ஃபேவரிட், அதாவது எல்லோரும் பணம் கட்டி விலை குறைந்த குதிரை, பின்னால் ஓடாதீர்கள்.

ஆல்பர்ட் பார்ட்லெட் எனக்குப் பிடித்த ரேஸ். நாவிஸ் குதிரைகள், அதாவது இந்த சீசனில்தான் ஹர்டில் ஜெயிக்கத் தொடங்கியவை, அவற்றுக்குத் திடீரென 3 மைல். இரண்டு மைல் ரேஸுகளில் அழகாக ஜெயித்து வந்தவையெல்லாம் கடைசி மேட்டில் கால் தள்ளாடும், சேற்றில் முட்டி மோதி வளர்ந்த ஒன்று பின்னாலிருந்து வரும். 2018-ல் கில்பிரிக்கன் ஸ்டார்ம் 33-க்கு 1, அடுத்த வருடம் மினெல்லா இண்டோ 50-க்கு 1. அந்த மினெல்லா இண்டோதான் 2021-ல் கோல்ட் கப்பையே ஜெயித்தது. உங்கள் 50 பவுண்டில் கொஞ்சம் துணிச்சலுக்கு ஒதுக்குவதானால் இந்த ரேஸில் ஒதுக்குங்கள், நிறைய ரேஸ் ஓடி அடிபட்ட குதிரையாகப் பார்த்து.

கோல்ட் கப்பில் ஹேண்டிகேப் கிடையாது, ஆண் குதிரைகள் எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்டு, ஏறக்குறைய 74 கிலோ சுமக்கும், பெண் குதிரைக்கு 7 பவுண்டு சலுகை. அதனால் இங்கே தரம் பேசும். 1990-ல் நார்ட்டன்ஸ் காயின் 100-க்கு 1 விலையில் ஜெயித்த கதையை பஸ்ஸிலேயே உங்களிடம் யாராவது சொல்வார்கள். வேல்ஸில் மாடு வைத்துப் பால் கறக்கிறவர் பயிற்சி கொடுத்த குதிரை அது, கதை உண்மைதான், ஆனால் அதை நம்பி அடுத்த 100-க்கு 1-ஐத் தேடாதீர்கள். இதே தூரத்தில், இதே ஃபென்ஸுகளில், தொழில்முறை அல்லாத ஜாக்கிகள் ஓட்டும் ஹன்டர்ஸ் சேஸ் அடுத்து வரும் (ஃபென்ஸ் தாண்டும் ரேஸைத்தான் சேஸ் என்பார்கள்). பெண் குதிரைகளுக்கான சேஸும், கற்றுக்கொண்டிருக்கும் ஜாக்கிகளுக்கான மார்ட்டின் பைப் ஹேண்டிகேப்பும் உண்டு, பின்னதை வேடிக்கை பார்த்தால் போதும்.

பணம். ஏழு ரேஸிலும் போட வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. நான்கு ரேஸ் தேர்ந்தெடுங்கள், மீதியில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கவுண்டி மாதிரிக் கூட்டமான ஹேண்டிகேப்பில் ஈச் வே போடுவது புத்திசாலித்தனம். 2 பவுண்டு ஈச் வே என்றால் மொத்தம் 4 பவுண்டு, பாதி ஜெயிப்பதற்கு, பாதி முதல் நான்குக்குள் வருவதற்கு. 16 குதிரையோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப்பில் வழக்கம் நான்கு இடம், கால் பங்கு விலை. 20-க்கு 1 குதிரை நான்காவது வந்தால் இடத்துக்கு 5-க்கு 1, ஆக 12 பவுண்டு கைக்கு வரும். ஜெயித்தால் 54. பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் பலகையில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் படித்துவிட்டுக் கொடுங்கள், புக்கிக்குப் புக்கி மாறும், விலையும் மாறும், பக்கத்துப் புக்கியிடம் 16-க்கு 1 இருக்க 12-க்கு 1-ல் போட்டுவிட்டு வராதீர்கள். டிக்கெட்டை மட்டும் ரேஸ் முடிந்து முடிவை அறிவிக்கும் வரை கிழிக்க வேண்டாம், ரேஸ் அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் விசாரணை வந்து வரிசை மாறிய நாள்களும் உண்டு.