லாப் பிழைவிடவில்லை

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. ஒன்பது வருடமாக நீரிழிவு, பிரஷரும் உண்டு. கிளினிக்குக்குக் கொண்டுபோகும் ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரோல் எப்போதும் 90க்குக் கிட்டத்தான். போன மாதம் வேலைத்தலத்தில் திடீரென்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 158 என்று வந்தது. வேறு லாப். எதை நம்புவது? கிளினிக்குக்கு இரண்டு கிழமைக்கு முதலே சொதியைக் குறைத்து, கொலஸ்ட்ரோலுக்குத் தந்த அட்டோர்வாஸ்டடின் 20 மில்லிகிராம் குளிசையையும் தவறாமல் கொடுத்துவிடுவேன்.
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: இரண்டு லாபையும் நம்புங்கள். பிழை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு முதலே என்றால், மற்ற நாட்களில் அந்தக் குளிசை எங்கே கிடக்கிறது?

கணக்குப் பாருங்கள். இந்தக் குளிசையை 20 மில்லிகிராம் அளவில் தினமும் போட்டால் எல்டிஎல் ஏறத்தாழ 40 வீதம் இறங்கும். 158இல் 40 வீதம் போனால் 95. சொதியும் குறைந்தால் இன்னும் கொஞ்சம். இறங்க வேண்டியதில் பெரும்பங்கு முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே இறங்கிவிடும். நிறுத்தினால் சில கிழமைகளில் பழையபடி ஏறிவிடும். அதனால் 158தான் அவருடைய உண்மையான எண். 90 கிளினிக்குக்குப் போட்டுப்போகிற வெளிச்சட்டை.

இந்த வித்தை எச்பிஏ1சி என்ற நீரிழிவுப் பரிசோதனையிடம் பலிக்காது. அது இரண்டு மூன்று மாதச் சீனியின் கணக்கு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் இல்லை என்று ஊகிக்க முடிகிறது.

டொக்டருக்கு நீங்கள் காட்டுவது பொய் எண். அவருடைய வயதில் நீரிழிவும் பிரஷரும் சேர்ந்திருந்தால் எல்டிஎல் 70க்குக் கீழே நிற்க வேண்டும். 90ஐக் கண்ட டொக்டர் 40 மில்லிகிராமாகக் கூட்டினால் என்ன நடக்கும்? போடாத குளிசை பெரிய குளிசையாகும், அவ்வளவுதான். நீரிழிவுக்காரருக்கு எல்டிஎல் துணிக்கைகள் பொடியாக, அடர்த்தியாக இருப்பது வழக்கம். இரத்தக் குழாய்ச் சுவருக்குள் இலகுவாகப் புகுந்துவிடும். நரம்பும் பழுதாகியிருந்தால் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் களைக்கும். அப்படி வந்தால் காஸ் என்று சோடா கொடுத்துப் படுக்கவைக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

கணவரை டொக்டரிடம் பேச்சு வாங்காமல் காப்பாற்றுவது மனைவியின் கடமை என்று யார் உங்களுக்குச் சொல்லித்தந்தது? அதைவிட, "கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 56 வயது மனிதருக்குத் தன் குளிசையைத் தானே எடுத்துப் போடத் தெரியாதா? அவரை நம்பி ஒரு வீடு இருக்கிறது. இது அவர் செய்ய வேண்டிய வேலை.

ஏன் போடுவதில்லை என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ஈரல் பழுதாகும் என்பாராக இருந்தால், அது மிக அரிது. ஈரல் பரிசோதனை ஒன்று செய்து பார்க்கலாம். சீனி ஏறும் என்பாராக இருந்தால், கொஞ்சம் ஏறலாம்தான், ஆனால் இருதயத்துக்குக் கிடைக்கும் காப்பு அதைவிடப் பெரிது. தசை நோகிறது என்றால் மட்டும் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கலாம், இதே வகையில் வேறு ஸ்டாடின் தரலாம், எசெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரோல் குளிசையைச் சேர்க்கலாம். தசைநோவோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அட்டோர்வாஸ்டடினை இரவில்தான் போட வேண்டும் என்றில்லை. காலையில் நீரிழிவுக் குளிசை போடுபவராக இருந்தால் அதோடு சேர்த்துப் போடட்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

சொதி பற்றி: தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்று வாதாட வருவார். உண்மைதான். ஆனால் அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்றது. அது ஈரல் எல்டிஎல்லை உள்ளிழுப்பதைக் குறைக்கிறது. கட்டிப்பாலை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், மற்ற நாளில் தண்ணிப்பால் போதும். இரவுப் பிட்டையும் பாதியாக்குங்கள். மாவும் சீனியும் கூடினால் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஏறும்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்து, மாதத்தில் எத்தனை நாள் போட்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். பிறகு எட்டுக் கிழமை ஒரு நாளும் விடாமல் போட்டுவிட்டு இரத்தம் கொடுக்கட்டும். அதற்கு முந்தைய கிழமை வீட்டில் வழமையாக என்ன சொதி வைப்பீர்களோ அதையே வையுங்கள்.