ஓடும் பஸ்ஸில் எழுந்து ஓடும் பிள்ளை

கேள்வி: என் 7 வயது மகனுக்கு ஆட்டிசம். ஸ்கூல் பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே எழுந்து கதவுப் பக்கம் ஓடுகிறான். “இனி நீங்களே கொண்டுவந்து விடுங்கள்” என்கிறது பள்ளி. என்ன செய்வது? – ஒரு தாய், மதுரை.

பதில்: அப்படிக் கைகழுவ விடாதீர்கள், அம்மா. 2012-ல் வந்த தமிழகப் பள்ளி வாகன விதிகளின்படி பஸ்ஸில் உதவியாளர் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பிள்ளைகளின் போக்குவரத்து வசதியை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவே பேசுகிறது. இரண்டையும் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், எந்த இடத்தில் எழுகிறான் என்று உதவியாளரைக் கவனிக்கச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு ஏர்ஹாரன் சத்தம்தான் எமன். சத்தத்தைக் குறைக்க, காதை மூடும் இயர்மஃப் மாட்டுங்கள். தினமும் ஒரே ஜன்னல் சீட், அதில் அவன் போட்டோ. அவன் பக்கத்தில், நடைவழி ஓரம் உதவியாளர் உட்காரட்டும். ஆள் மாறுவதாக இருந்தால், முந்தின நாளே புது ஆளின் படத்தைக் காட்டிவிடுங்கள்.