பழைய லேப்டாப்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் ஆகவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது. டச்பேடு ஒரு பக்கம் மேலே தூக்கி நிற்கிறது. கடையில், "புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேகம் இருக்கட்டும், முதலில் டச்பேடைக் கவனியுங்கள். பெரும்பாலும் அடியில் பேட்டரி உப்பியிருக்கும். இன்றே சார்ஜரைக் கழற்றி, அணைத்து வையுங்கள். அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பேட்டரியின் உறை கிழிந்தால் தீப்பிடிக்கலாம். கடையில் மாற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் மின்கழிவாகக் கொடுங்கள்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பிராசஸர் அல்ல, ஹார்டு டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நிற்கும், பாருங்கள். ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். 500 ஜிபி தாராளம். ஆன் ஆக அரை நிமிடம்கூட ஆகாது. ரேமையும் 8 ஜிபி ஆக்குங்கள். வாங்குமுன் பழைய ரேமின் லேபிளைப் பாருங்கள்: டிடிஆர்3எல், டிடிஆர்4 என இரண்டு வகை உண்டு; இரண்டுக்கும் காடி (விளிம்பில் உள்ள சிறு வெட்டு) வெவ்வேறு இடத்தில் இருக்கும், மாறினால் உட்காராது.

சிக்கல் விண்டோஸில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. இணையம், டைப்பிங், வீடியோ வகுப்பு என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். டேலி (கணக்கு மென்பொருள்) போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால் மட்டும் புதிதுக்குப் போங்கள். மதர்போர்டு பழுது என்று சொன்னாலும் அப்படியே. இந்த வயதில் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.