மொட்டை மாடி கிராஃபும் சிவப்பு லைட்டும்: சின்ன நெட் கம்பெனிக்காரர்கள் கேட்டவை

எனக்குத் தெரிந்த வட சென்னை ஆப்ரேட்டர்கள் பலரும் கேபிள் டிவியில் ஆரம்பித்து நெட்டுக்கு மாறியவர்கள், நானும் அப்படி வந்தவன்தான். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி "எந்தப் பெட்டி வாங்கலாம்" என்றே முடிகின்றன. வாங்குவதற்கு முன்னால் ஏதாவது ஒரு அளவு எடுத்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் கீழே சில இடத்தில் கொஞ்சம் காட்டமாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காசிமேட்டில் 140 கனெக்ஷன் இருக்கு அண்ணே. மழை வந்தாலே பத்து வீட்டில் லாஸ் லைட் (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாகிவிடுகிறது. ஓஎல்டியை மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஓஎல்டி என்பது நம் பக்கம் இருந்து எல்லா வீட்டுக்கும் ஒளி அனுப்பும் பெட்டி. அது கெட்டால் ஒரு போர்ட் மொத்தமாகப் போகும், மழை நாள் பார்த்துப் பத்து வீட்டை மட்டும் பொறுக்கி எடுக்காது. அந்தப் பத்து வீடும் தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் ஒரே டப்பாவில் இருந்து போகிறதா என்று பாருங்கள், போகும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் கணக்குக்கு வாருங்கள். ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) போர்ட்டில் இருந்து பிளஸ் 3 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) கிளம்புகிறது என்று வைப்போம். 4 கிலோமீட்டர் ஃபைபர், கிலோமீட்டருக்கு 0.35 என்று தாராளமாகவே போட்டால் 1.4 டெசிபல் இழப்பு. எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 10.5, ஆக 21. நாலு கனெக்டருக்கு 1.2, ஃபைபரை உருக்கி ஒட்டிய நாலு ஸ்ப்ளைஸுக்கு 0.4. மொத்தம் 24 போய், வீட்டில் மைனஸ் 21 வர வேண்டும். வீட்டில் வைக்கும் பெட்டிதான் ஓஎன்யு, அதில் பி பிளஸ் வகைக்கு மைனஸ் 27 வரைதான் கண் தெரியும். உங்கள் மீட்டர் வெயில் நாளிலேயே மைனஸ் 26 காட்டினால் மழை வெறும் சாக்கு, அஞ்சு டெசிபல் ஏற்கெனவே எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.

எங்கே என்றால், கடலோரத்தில் முதல் சந்தேகம் உப்புக்காற்று மேல்தான். டப்பாவில் இருந்து வீட்டுக்குப் போகும் டிராப் கேபிளில் ஃபைபரோடு ஓடும் இரும்புக் கம்பி துருப்பிடித்து அறுந்தால் பாரம் முழுக்க ஃபைபர் மேல் விழும். டப்பா மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். சில இடத்தில் அவசரத்தில் பச்சை கனெக்டரையும் நீல கனெக்டரையும் ஒன்றோடொன்று சொருகி வைத்திருப்பார்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் சாய்வில்லாதது, இரண்டும் எப்படி ஒட்டும்? சட்டை நுனியால் துடைக்கிற பழக்கத்தையும் விடுங்கள், ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒன்றும் கொள்ளை விலை இல்லை.

இன்னொன்று. வீட்டுக்கு இறங்கும் ஒளி 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. கேபிள் எங்கேயாவது மடங்கியிருந்தால் 1490 அதிகம் அடிபடும், 1310 ஓரளவு தப்பிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருந்தால் அழுக்கையோ கனெக்டரையோ தேடுங்கள். ஆனால் "குறைந்திருக்கிறது" என்று சொல்ல, கனெக்ஷன் கொடுத்த அன்று எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே. நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தாலே போதும்.

எல்லாம் ஓடுகிறது, ஒரு பேங்க் சைட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. (கொருக்குப்பேட்டை)

பிபிபிஓஇதானே, அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து லாகின் ஆகும் முறை? அதன் தலைப்புக்கு 8 பைட் போய்விடுவதால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 இல்லை, 1492. ரவுட்டரில் எம்எஸ்எஸ்ஸை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டாவின் அளவு) 1452க்குக் கட்டிப்போடுங்கள், சரியாகிவிடும். "பாக்கெட் பெரிசு, சின்னதாக அனுப்பு" என்று திரும்பி வரும் ஐசிஎம்பி செய்தியை வழியில் யாரோ அடைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்று சொல்லி அடைத்தது நீங்களாகவே கூட இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் ஒரு போர்ட்டில் 50 வீடு. மொத்தமும் ஒரே சமயத்தில் விழுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக எழுகிறது. பவர் எல்லா வீட்டிலும் மைனஸ் 20க்குப் பக்கம்தான்.

பவர் சரி, கேபிள் சரி, ஆனாலும் விழுகிறது என்றால் ஒரு ஓஎன்யு வம்பு பண்ணுகிறது. ஜிபானில் ஐம்பது வீடும் ஒரே ஃபைபரில் முறை வைத்துத்தான் மேலே பேசும், ஒருவர் முறை முடிந்ததும் அவர் லேசர் அணைய வேண்டும். தெருக்குழாயில் ஒரு குடம் மட்டும் நகராமல் நின்றால் பின்னால் வரிசையே நிற்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு ஓஎன்யுவின் லேசர் அணையாமல் எரிந்தால் மற்ற 49 பேர் சொல்வதும் ஓஎல்டிக்குக் கேட்காது. இறங்கும் ஒளி நன்றாகவே இருப்பதால் வீட்டில் மீட்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது. இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. விழுந்திருக்கும் நேரத்திலேயே முதல் ஸ்ப்ளிட்டருக்குப் போய் ஒவ்வொரு காலாகக் கழற்றுங்கள், (கால் என்றால் அதில் இருந்து வெளியே போகும் ஃபைபர்) எதைக் கழற்றினால் மற்றவை எழுகின்றனவோ அந்தப் பக்கம் நடங்கள், அடுத்த டப்பாவில் அதையே செய்யுங்கள். மட்டமான பவர் அடாப்டரை மாற்றினாலே அடங்கிய கேஸும் பார்த்திருக்கிறேன்.

900 வாடிக்கையாளர். பப்ளிக் ஐபி (வெளியே இன்டர்நெட்டில் தெரியும் முகவரி) எத்தனை வேண்டும்? போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, அந்த ஐபியில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் ஒரே கேள்விதான். ஐபி வி4 முகவரிகள் 2011லேயே உலக அளவில் ஒதுக்குகிறவர்களின் கையிருப்பில் தீர்ந்துவிட்டன, அதனால் நேட், அதாவது ஒரு பப்ளிக் ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்வது, தவிர்க்க முடியாது. உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரி வைக்காதீர்கள், வீட்டு ரவுட்டரோடு மோதும். இதற்கென்றே 2012ல் ஒதுக்கிய 100.64.0.0/10 இருக்கிறது. ஒரு ஐபியில் 65,536 போர்ட் (இது பெட்டியில் சொருகும் போர்ட் இல்லை, இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), முதல் 1,024ஐ விட்டால் 64,512. முப்பத்திரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 2,016 போர்ட், ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். 900 பேருக்கு 29 ஐபி ஆகிறது, 32 ஐபி கொண்ட ஒரு துண்டு இருந்தால் போதும்.

பங்கை நிரந்தரமாக வையுங்கள்: இந்த வீட்டுக்கு இந்த ஐபி, இந்தப் போர்ட்டில் இருந்து இந்தப் போர்ட் வரை. அப்படி வைத்தால் கடிதம் வந்த அன்று அட்டவணையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். இது அரசுக்கு வைக்க வேண்டிய பதிவுகளுக்கு மாற்று இல்லை. 2021 டிசம்பரில் உரிமத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பதிவுகளை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கடிதம். அதில் போர்ட் எண் இல்லாவிட்டால் யூகித்து ஒரு பெயரைக் கொடுத்துவிடாதீர்கள், 32 வீட்டில் 31 வீடு சம்பந்தமே இல்லாதவை. போர்ட் எண் கேட்டுப் பதில் எழுதுங்கள். நேரத்தையும் பாருங்கள், வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கிய விவரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். உங்கள் ரவுட்டரின் கடிகாரமே தப்பு என்றால் எல்லாம் வீண். கடிகாரத்தை நெட் வழியே சரிசெய்துகொள்ளும் என்டிபி வையுங்கள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் அதைத்தான் சொல்கிறது. அப்படியே முகவரித் தட்டுப்பாடு இல்லாத ஐபி வி6ஐயும் திறந்துவிடுங்கள். யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், நேட்டின் பாரம் அதிலேயே நன்றாகக் குறையும்.

அப்ஸ்ட்ரீம் (மேலே பெரிய கம்பெனியிடம் வாங்கும் பைப்) 1 ஜிகா. கிராஃப் 850 மெகா தாண்டவில்லை, ஆனால் ராத்திரி எல்லாரும் திட்டுகிறார்கள். (வியாசர்பாடி)

உங்கள் கிராஃபின் ஒவ்வொரு புள்ளியும் அஞ்சு நிமிட சராசரி. சராசரியே 850 என்றால் நடுவில் பல நொடிகள் 1000ஐ முட்டி பாக்கெட் விழுந்திருக்கும். எட்டு மணிக்கு மேல் கிராஃப் மலை மாதிரி ஏறி இறங்காமல் மொட்டை மாடி மாதிரி தட்டையாக நின்றால் பைப் நிரம்பிவிட்டது, வாதமே வேண்டாம்.

95 பர்சன்டைல் பில்லுக்கு மாறச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 8,640 புள்ளி, உச்சியில் 432 புள்ளியைத் தள்ளுபடி செய்து மீதியின் உச்சத்துக்குப் பில் போடுவார்கள், தள்ளுபடி ஆவது 36 மணி நேரம். கிரிக்கெட் ஃபைனல் மாதிரி ஒரு நாள் கூத்தென்றால் அதில் மறையும். தினமும் எட்டில் இருந்து பதினொன்று வரை உச்சம் என்றால் மாதத்துக்கு 90 மணி நேரம், எங்கே மறைப்பது? அதைவிட கேஷ் (வீடியோவின் நகலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சர்வர்) டிராஃபிக்கைத் தனி விலைக்குப் பிரித்துக் கேளுங்கள். வீடியோ பெரும்பகுதி ஊருக்குள் இருக்கும் கேஷில் இருந்தே வரும்போது அதற்கும் முழு விலை கொடுப்பது அநியாயம்.

கடல் கேபிள் நம்ம சென்னையில்தானே கரையேறுகிறது, அப்புறம் ஏன் சிங்கப்பூர் கேம் சர்வருக்கு 35 மில்லி செகண்ட்? (ராயபுரம்)

தம்பி, கடல் பக்கத்தில் இருந்தாலும் சிங்கப்பூர் பக்கத்தில் இல்லையே! கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், போய்வர 32 மில்லி செகண்ட். உங்களுக்கு 35 கொடுக்கிறவர் நல்ல ஆள், மாற்றாதீர்கள்.

புயல் சீசனுக்கு பேட்டரி எவ்வளவு போடுவது?

எல்லாப் பெட்டியும் சேர்ந்து 150 வாட் இழுக்கிறது என்றால்: 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி 1,800 வாட் மணி. லெட் ஆசிடில் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும், அஞ்சு மணி நேரம் என்று வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல இடத்தில் ஒரு நாளைத் தாண்டியும் கரண்ட் இல்லை, அதற்கெல்லாம் பேட்டரி அடுக்கி மாளாது. சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வையுங்கள், பெட்டிகளைத் தரைத்தளத்தில் இருந்து ஏற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும், 45 டிகிரி ரூமில் நாலு வருஷ பேட்டரி ஒரே வருஷம். இன்வெர்ட்டர் பின்னால் யுபிஎஸ் என்று ஸ்விட்ச் இருந்தால் அதில் போடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் மாறும் கணத்தில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

ரேடியஸ் சர்வரில் (யார் லாகின் ஆகலாம் என்று சொல்லும் கம்ப்யூட்டர்) ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது) போட்டாச்சு, பேக்கப் தனியாக எதற்கு? (மாதவரம்)

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ராத்திரி டெஸ்ட் டேபிள் என்று நினைத்து லைவ் டேபிளைக் காலி செய்தேன், ரெய்டு ரொம்ப விசுவாசமாக இரண்டு டிஸ்க்கிலும் காலி செய்தது. கையில் இருந்தது பதினோரு நாள் பழைய டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல். இடையில் பணம் கட்டியவர்கள் எல்லாம் காலாவதி ஆனவர்களாக நின்றார்கள், ரசீது புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக ஏற்றி முடிக்க விடிந்துவிட்டது. இப்போது மணிக்கு ஒரு டம்ப் வேறு கட்டடத்துக்குப் போகிறது, மாதம் ஒரு தடவை அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி எழுகிறதா என்றும் பார்க்கிறோம்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் ரவுட்டரைத் தொடாமல் விட்டது. ரேடியஸ் படுத்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிபிபிஓஇ செஷன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், புதிதாக லாகின் செய்கிறவர்கள்தான் நிற்பார்கள். பதற்றத்தில் ரவுட்டரை ரீபூட் செய்திருந்தால் ஊரே இருட்டாகியிருக்கும்.